முதல் ஷிப்டும் வெறும் வயிறும்

சுங்குவார்சத்திரம் கூட்டுரோட்டில் விடிவதற்கு முன்பே கூட்டம் சேர்ந்துவிடுகிறது. ஒரகடத்துக்கும் வல்லத்துக்கும் இருங்காட்டுக்கோட்டைக்கும் போகும் கம்பெனி பஸ்கள் வரிசையாக வந்து ஆளேற்றிக்கொண்டு போகின்றன. ஈரம் காயாத தலையும் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையுமாகப் பெண்கள் நிற்கிறார்கள். பலருக்கு இருபது வயதுதான் இருக்கும். டீக்கடையில் ஒரு டீ, நனைத்துத் தின்ன ஒரு பொறை. பஸ் வந்துவிட்டால் அதுவும் பாதியில் நின்றுவிடும். “ஏதாவது சாப்பிட்டியாம்மா?” என்றால், “பிரேக்ல பாத்துக்கலாங்க்கா” என்கிறார்கள்.

ஆறு மணிக்கு ஷிப்ட் தொடங்கினால் அந்த பிரேக் வர எட்டு, எட்டரை ஆகும். முந்தின ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்ட வயிறு அது. பன்னிரண்டு மணி நேரப் பட்டினியோடு, லைனில் நின்றபடியே பொடிப்பொடி பாகங்களைப் பொருத்த வேண்டும். தலைசுற்றி உட்கார்ந்தால், “தெம்பில்லாத பொண்ணு” என்று பேர் வேறு. இந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வருகிறது.

2019–21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. சாப்பாட்டோடு குடிக்கும் டீ, சாப்பாட்டிலிருக்கும் இரும்புச்சத்தை உடம்பில் சரியாகச் சேரவிடாது. டீயே காலைச் சாப்பாடு என்றால் கேட்கவே வேண்டாம்.

பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதை அரசு உணர்ந்து, 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கியது. மறு ஆண்டே அது எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் போனது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று சூடாகச் சாப்பிட்டுவிட்டுக் குழந்தைகள் வகுப்புக்குப் போகிறார்கள். அதே வீட்டுப் பெண் வளர்ந்து ஆலைக்கு வந்தால் மட்டும் பசி தாங்குமா?

இந்தப் பகுதிக்கு உணவின் அருமை புதிதல்ல. 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் பாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் 150 பேருக்கு மேல் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். தோழிகள் பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறியல் செய்தார்கள். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்கள் 18,720 பேர் தங்கும் குடியிருப்பு திறக்கப்பட்டது. நல்ல மாற்றம். ஆனால் விடுதியில் ஏழு மணிக்கு இட்லி வெந்தால், நாலரைக்குக் கிளம்புகிறவளுக்கு அதில் என்ன பயன்?

250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலைக்குக் கேன்டீன் வேண்டும், ஐந்து மணி நேரத்துக்கு மேல் இடைவேளையில்லாமல் வேலை வாங்கக் கூடாது என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் சொன்னது. வேலை தொடங்கும்போது வயிற்றில் என்ன இருக்கிறது என்று அது கேட்கவில்லை. ஆலை நிர்வாகங்கள் கேட்கலாமே. சீக்கிரம் வந்து சாப்பிடு என்பது சரியல்ல. ஏற்கெனவே குறைந்த தூக்கம் இன்னும் குறையும். முதல் இருபது நிமிஷத்தைச் சாப்பாட்டுக்கென்று ஷிப்டுக்குள்ளேயே ஒதுக்குங்கள், சம்பளத்தில் கை வைக்காமல்.

அதுவரை, தங்கைகளே, ராத்திரியே கேழ்வரகுக் கூழ் காய்ச்சி வையுங்கள். காலையில் மோர் விட்டுக் கரைத்து பாட்டிலில் ஊற்றினால் பஸ்ஸிலேயே குடித்துவிடலாம். கூடவே ஒரு அவித்த முட்டையோ ஒரு பிடி வேர்க்கடலையோ போதும். டீயை மட்டும் ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்.