118 இருக்கட்டும், 289 எங்கே?

2025 மார்ச்சில் ஒரு வாரம் எந்தச் சேனலைத் திருப்பினாலும் ஒரே சண்டை. அந்த ஆண்டின் உலக மகிழ்ச்சி அறிக்கையில் இந்தியாவுக்கு 118-ஆவது இடம், பாகிஸ்தானுக்கு 109, நேபாளத்துக்கு 92. அது எப்படி என்று ஒருவர் மேசையைத் தட்டினார். இது மேலை நாட்டுச் சதி என்றார் இன்னொருவர். ஆட்சியின் லட்சணமே இதுதான் என்றார் மூன்றாமவர். ஒரு மணி நேரம் கத்தித் தீர்த்துவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

நமக்குக் கோபம் வந்தது அந்த 118-ஐப் பார்த்து அல்ல. அதற்கு முந்தைய மாதம் இதே சேனல்கள் எங்கே போயிருந்தன என்பதை நினைத்துத்தான்.

அந்தப் பிப்ரவரி கடைசி வாரத்தில் நம் சொந்த அரசாங்கம் ஓர் ஆய்வு முடிவை வெளியிட்டது. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2024-இல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வு. நாடு முழுக்க 1,39,000-க்கும் மேற்பட்ட வீடுகள், நாலரை லட்சம் பேர். ஆறு வயதுக் குழந்தையிலிருந்து தாத்தா பாட்டி வரை, நேற்று விடிகாலை நான்கு மணி முதல் இன்று விடிகாலை நான்கு மணி வரை என்ன செய்தீர்கள் என்று அரை மணிக்கு அரை மணி கேட்டு எழுதியிருக்கிறார்கள். எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், எவ்வளவு நேரம் சமைத்தீர்கள், எவ்வளவு நேரம் உட்கார முடிந்தது, எப்போது படுத்தீர்கள் என்று ஒரு நாட்டு மக்களின் முழு நாளும் அதில் இருக்கிறது. அவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள இதைவிட நேரடியான வழி இருக்கிறதா?

அந்த ஆய்வு சொன்னது இது. சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளைக்கு 289 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிடம். அந்த 88-ஐப் பார்த்து, பரவாயில்லையே, ஒன்றரை மணி நேரம் வேலை செய்கிறார்களே என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அது வீட்டு வேலையில் கை வைத்த ஆண்களின் சராசரி மட்டுமே. நூற்றுக்கு எழுபதுக்கும் மேற்பட்ட ஆண்கள் அந்த நாளில் ஒரு டம்ளரைக்கூடக் கழுவாததால் கணக்கிலேயே வரவில்லை.

2019-இல் இதே ஆய்வு நடந்தபோது பெண்களுக்கு 299, ஆண்களுக்கு 97. ஐந்து ஆண்டுகளில் பெண்ணின் சுமை பத்து நிமிடம் குறைந்திருக்கிறது. பெண்கள் ஊதியம் தரும் வேலைக்கு நகர்கிறார்கள் என்பதன் அடையாளம் இது என்று அரசு மகிழ்ந்தது. மகிழட்டும். ஆனால் ஆணின் பங்கும் ஒன்பது நிமிடம் குறைந்திருக்கிறதே, அதை யார் பேசுவது? மிக்ஸி வந்தது, வாஷிங் மெஷின் வந்தது, காஸ் அடுப்பு கிராமம் வரை போய்ச் சேர்ந்தது. இத்தனைக்குப் பிறகும் ஒரு பெண்ணின் நாளில் ஐந்து மணி நேரத்துக்குப் பதினோரு நிமிடம்தான் குறைவு. பிள்ளைகளையும் முதியவர்களையும் பார்த்துக்கொள்வது தனிக் கணக்கு. 15 முதல் 59 வயதுக்குள் அந்த வேலையில் இருக்கும் பெண்களுக்கு அது இன்னும் 140 நிமிடம், ஆண்களுக்கு 74.

289 என்ற அந்த எண்ணுக்காக எந்த விவாத மேடையும் போடப்படவில்லை. எந்தக் கட்சியும் அறிக்கை விடவில்லை. 118-க்குக் கிடைத்த நேரத்தில் பத்தில் ஒரு பங்கு கிடைத்திருந்தாலும் நம் வீடுகளில் ஒரு பேச்சாவது எழுந்திருக்கும். பக்கத்து நாட்டைவிடக் கீழே இருக்கிறோம் என்றால் ரோஷம் வருகிறது. பக்கத்து அறையில் நிற்பவள் ஐந்து மணி நேரம் நின்றால் வரவில்லை.

118-ஆவது இடம் எங்கிருந்து வருகிறது? ஓர் ஏணியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள், உச்சியில் உங்களால் வாழ முடிந்த மிகச் சிறந்த வாழ்க்கை, அடியில் மிக மோசமான வாழ்க்கை, நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்று காலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் கேட்கிறது. பொதுவாக ஒரு நாட்டில் ஆண்டுக்குச் சுமார் ஆயிரம் பேரிடம். மூன்று ஆண்டுப் பதில்களின் சராசரிதான் தரவரிசை. கேள்வி நல்ல கேள்விதான். ஒரு மனிதனின் வாழ்க்கை எப்படி இருக்கிறது என்று அவனிடமே கேட்பது சதி ஆகாது. ஆனால் 140 கோடிப் பேர் வாழும் நாட்டில் திருவாரூர் விவசாயத் தொழிலாளி எந்தப் படியில் நிற்கிறார், திருப்பூர் பனியன் கம்பெனிப் பெண் எந்தப் படியில் நிற்கிறார் என்று அந்த ஒற்றை எண் சொல்லாது. அதை நாம்தான் கேட்க வேண்டும்.

பிரிட்டன் அரசின் புள்ளியியல் அலுவலகம் 2011 ஏப்ரலிலிருந்து கேட்கிறது. நான்கே கேள்விகள். வாழ்க்கை எவ்வளவு நிறைவாக இருக்கிறது, செய்கிற காரியங்களுக்கு அர்த்தம் இருப்பதாகப் படுகிறதா, நேற்று எவ்வளவு சந்தோஷமாக இருந்தீர்கள், எவ்வளவு பதற்றமாக இருந்தீர்கள். பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு மதிப்பெண். உள்ளாட்சிப் பகுதி வாரியாக முடிவை வெளியிடுகிறார்கள். ஒருவருக்காக இன்னொருவர் பதில் சொல்ல அங்கே அனுமதி கிடையாது. மனைவி சந்தோஷமாக இருக்கிறாரா என்று கணவரிடம் கேட்டு எழுத முடியாது. குட்டி நாடான பூட்டான் 2022-இல் சுமார் 11,000 பேரிடம் மிக நீளமான கேள்வித்தாளோடு போனது. உறக்கம், அக்கம்பக்கத்து உறவு, மன அமைதி எல்லாம் அதில் உண்டு.

நமக்கு இது முடியாதா? வீடு வீடாகப் போய் மக்களைக் கேட்பதில் உலகத்துக்கே முன்னால் நடந்தவர்கள் நாம். புள்ளியியல் அறிஞர் மகலனோபிஸ் 1950-இல் தேசிய மாதிரி ஆய்வைத் தொடங்கியபோது, இவ்வளவு பெரிய ஏழை நாட்டில் இது சாத்தியமா என்று கேட்டவர்கள் பிறகு நம்மிடமே கற்றுக்கொண்டார்கள். 2015-இல் நோபல் பரிசு பெற்ற ஆங்கஸ் டீட்டன் வறுமை ஆராய்ச்சியில் கரைத்துக் குடித்தது நம் மாதிரி ஆய்வின் தரவுகளைத்தான்.

அந்தப் பெருமையில் கரி பூசியது 2019 நவம்பர் 15. நம் மனதில் ஆறாத காயம் அது. எழுத வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் எழுதுவோம். 2017 ஜூலை முதல் 2018 ஜூன் வரை ஓராண்டு முழுவதும் வெயிலிலும் மழையிலும் களப் பணியாளர்கள் நாடெங்கும் அலைந்து, குடும்பங்கள் அரிசிக்கும் பருப்புக்கும் துணிக்கும் மருந்துக்கும் எவ்வளவு செலவழிக்கின்றன என்று கேட்டு எழுதிய நுகர்வுச் செலவு ஆய்வை, தரம் சரியில்லை என்று சொல்லி வெளியிட மறுத்தது மத்திய அரசு. அதற்குள் பத்திரிகையில் கசிந்த கணக்கு என்ன சொன்னது? விலைவாசி ஏற்றத்தைக் கழித்துப் பார்த்தால், 2011-12-இல் தலைக்கு மாதம் 1,501 ரூபாயாக இருந்த செலவு 1,446 ரூபாயாக இறங்கிவிட்டது என்றது. டீட்டன் உட்பட இருநூறுக்கும் மேற்பட்ட அறிஞர்கள் வெளியிடுங்கள் என்று கையெழுத்துப் போட்டுக் கேட்டார்கள். அசையவில்லை.

மதிப்பெண் பட்டியலைக் கிழித்துப் போட்டால் பிள்ளை தேறிவிடுமா? குறை இருந்தால் குறையோடு வெளியிட்டு, இன்ன இடத்தில் சந்தேகம் என்று எழுதியிருக்க வேண்டும். அப்படிச் செய்யாததால் 2011-12-க்குப் பிறகு 2022-23 வரை நம் மக்கள் என்ன உண்டார்கள், எதைக் குறைத்தார்கள் என்பதற்கு முறையான கணக்கே இல்லாமல் போனது. பணமதிப்பு நீக்கம், ஜி.எஸ்.டி., கொரோனா என்று மூன்றும் அந்த இருட்டுக்குள்தான் நடந்தன. ஒரு குடும்பம் பாலை நிறுத்தியதா, பிள்ளையைத் தனியார் பள்ளியிலிருந்து எடுத்ததா, நகையை அடகு வைத்ததா என்று எந்த ஏட்டில் தேடுவது? 2021-இல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் உரிய காலத்தில் நடக்கவில்லை. ரேஷன் ஒதுக்கீட்டுக்கு அதன் பிறகும் 2011 கணக்குதான். அதனால் பத்துக் கோடிக்கும் மேற்பட்டவர்கள் உணவுப் பாதுகாப்புக்கு வெளியே நிற்கிறார்கள் என்று பொருளாதார அறிஞர்கள் ஜான் டிரேஸும் ரீத்திகா கேராவும் எச்சரித்துப் பல ஆண்டுகள் ஆகின்றன.

பிறகு 2022-23, 2023-24 என்று அடுத்தடுத்து இரண்டு செலவு ஆய்வுகள் வந்தன. வரவேற்கிறோம். இரண்டிலும் தலா 2,61,000-க்கும் மேற்பட்ட வீடுகள். ஒரே வீட்டுக்கு மூன்று முறை போய்க் கேட்கும் புதிய முறை. கேட்கும் முறை மாறியதால் பழைய கணக்கோடு நேராக ஒப்பிட முடியாது என்பது மட்டும் வருத்தம்.

தமிழக அரசுக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. 2023-இல் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கத் தொடங்கினீர்கள். வீட்டில் பெண் செய்யும் ஊதியமில்லாத உழைப்புக்கான அங்கீகாரம் என்று சொல்லித்தான் அதற்கு உரிமைத் தொகை என்று பெயர் வைத்தீர்கள். நல்ல காரியம். அந்த உழைப்பு எத்தனை மணி நேரம், அது ஊருக்கு ஊர் எப்படி மாறுகிறது, பணம் வந்த பிறகு அவள் நாளில் கொஞ்சமாவது ஓய்வு கூடியதா என்று மாவட்ட வாரியாக ஓர் ஆய்வு நடத்துங்கள். நேற்று எப்படி இருந்தீர்கள் என்ற கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவளிடமே கேளுங்கள்.

இனி வாசகர்களிடம் ஒரு வார்த்தை. அரசைத் திட்டும் உரிமை நமக்கு உண்டு. ஆனால் கணக்கெடுக்க வருகிறவர்களுக்கு எந்த வீடுகள் கதவைத் திறப்பதில்லை என்று விசாரித்துப் பாருங்கள். குடிசைகள் திறக்கின்றன. தண்ணீர் கொடுத்து உட்கார வைத்துப் பதில் சொல்கிறார்கள். திறக்காதவை காவலாளி போட்ட அடுக்குமாடிகளும் வில்லாக்களும்தான். பல மாநிலங்களில் இதே புகார். நீங்கள் பதில் சொல்லாவிட்டால் நாட்டின் கணக்கில் பணக்காரர்களின் செலவு குறைவாகப் பதிவாகும், ஏற்றத்தாழ்வு உள்ளதைவிடச் சிறியதாகத் தெரியும். வருகிறவர்களில் பலர் ஒப்பந்தச் சம்பளத்துக்கு அலையும் இளைஞர்கள். ஒரு நாளில் இத்தனை வீடு முடிக்க வேண்டும் என்ற நெருக்கடியோடு படியேறுகிறவர்கள். உங்கள் பதிலைத் தனிப்பட்ட முறையில் யாருக்கும் வெளியிடக் கூடாது என்று 2008-ஆம் ஆண்டுப் புள்ளிவிவரச் சேகரிப்புச் சட்டம் சொல்கிறது. வருமான வரிக்காரர் வந்துவிடுவார் என்ற பயம் வேண்டாம்.

குடியிருப்போர் சங்கச் செயலாளர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்திலேயே ஒரு தீர்மானம் போடலாம். தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் அடையாள அட்டையோடு வருகிறவரைக் காவலாளி வாசலிலேயே திருப்பி அனுப்பக் கூடாது; அட்டையைச் சரிபார்த்து உள்ளே அனுப்ப வேண்டும். அதை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். அப்படி வருகிறவர் நேரப் பயன்பாடு பற்றிக் கேட்டால், ஹாலில் உட்கார்ந்திருக்கும் ஆண் வீட்டிலுள்ள எல்லோருக்குமாகப் பதில் சொல்ல வேண்டாம். சமையலறையில் இருப்பவரைக் கூப்பிடுங்கள். அவர் பேசி முடிக்கும் வரை அடுப்பை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.