காளையை மீட்டோம் சரி, காளைக்குக் கொடுத்த வாக்கு என்னாச்சு?



2023 மே 18. ஜல்லிக்கட்டை அனுமதிக்கும் தமிழ்நாட்டுச் சட்டம் செல்லும்னு உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு ஒருமனதாகச் சொன்ன நாள். அன்னைக்கு நம்ம டைம்லைன் பூரா காளை படம்தான். கொண்டாட வேண்டிய தீர்ப்பு, கொண்டாடினோம். ஆனா அந்தத் தீர்ப்போட கடைசிப் பகுதியை எத்தனை பேர் படிச்சோம்?

சட்டத்தையும் விதிகளையும் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தணும், அதுக்கு மாவட்ட ஆட்சியர்களும் உரிய அதிகாரிகளும் பொறுப்புன்னு நீதிமன்றம் அங்கே உத்தரவு போட்டிருக்கு. அனுமதியும் பொறுப்பும் ஒண்ணாத்தான் வந்துச்சு. அனுமதியை ஸ்டேட்டஸ்ல வச்சோம். பொறுப்பைப் பத்தி யாரும் ஒரு போஸ்ட் கூடப் போடல. அதுக்குத்தான் இந்தப் பதிவு.

கொஞ்சம் பின்னாடி போவோம். 2014 மே 7-ல் இதே உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடை செஞ்சது. விலங்குகளுக்கும் கண்ணியமா வாழ உரிமை உண்டுன்னு அந்தத் தீர்ப்பு சொன்னது. 2023 தீர்ப்பு அந்த இடத்தில் மாறுபட்டது. அரசியல் சாசனம் விலங்குகளுக்கு அடிப்படை உரிமை கொடுத்ததா சொல்ல முன்னுதாரணம் இல்லைன்னு சொன்னது. ஜல்லிக்கட்டு நம்ம பண்பாட்டின் பகுதியான்னு முடிவு செய்ய வேண்டியது சட்டமன்றம்தான்னும் சொன்னது. மாநில உரிமை பேசுற நமக்கு இது பெரிய வெற்றி.

ஆனா நாம ஜெயிச்சதுக்கான காரணத்தைக் கவனிங்க. 2017 சட்டத்திருத்தமும் அதோட வந்த விதிகளும் விளையாட்டு நடக்கிற முறையையே மாத்திடுச்சு, காளைக்கான வலியும் துன்பமும் பெருமளவு குறைஞ்சிருச்சுன்னு நீதிமன்றம் ஏத்துக்கிட்டது. அதாவது முழுத் தீர்ப்பும் அந்த விதிகள் மேலதான் நிக்குது. ஆட்சியர் அனுமதி, கால்நடை மருத்துவர் பரிசோதனை, தடுப்பு வேலி, காளைக்கு ஓய்வு, இதெல்லாம் சும்மா ஃபார்மாலிட்டி இல்லை. விதி பேப்பர்ல மட்டும் இருந்தா, நாளைக்கு இன்னொரு வழக்குல நம்ம வக்கீல் என்னத்தைக் காட்டுவார்?

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். சட்டத்துல ஜல்லிக்கட்டுன்னா மஞ்சுவிரட்டு, வடமாடு, எருதுவிடும் விழா எல்லாம் அடங்கும். அலங்காநல்லூர்ல வாடிவாசல், கேலரி, ரெண்டு பக்கமும் வேலி. நம்ம சிவகங்கைச் சீமையோட மஞ்சுவிரட்டு வேற மாதிரி. பரந்த பொட்டல். தொழுவிலிருந்து முறைப்படி அவிழ்க்கிற மாடுகள் ஒரு பக்கம். வயல்லயும் கண்மாய் ஓரத்துலயும் அவங்கவங்க அவிழ்த்து விடுற கட்டுமாடுகள் இன்னொரு பக்கம். தொழுவுக்கே வராத மாட்டை எந்த டாக்டர் பரிசோதிப்பார்? வேலியே இல்லாத பொட்டல்ல வேடிக்கை பார்க்க வந்தவர் எங்கே ஒதுங்குவார்?

2024 ஜனவரியில், காரைக்குடி பக்கத்துல இருக்கிற சிராவயல் மஞ்சுவிரட்டுல ரெண்டு பேர் மாடு முட்டி இறந்தாங்க. அதில் ஒருத்தர் சிறுவன். மாடுபிடி வீரர் தெரிஞ்சே களத்துல இறங்குறார். அந்தப் பையன் என்ன தெரிஞ்சு வந்திருப்பான்? மாட்டுக்கும் அதே கதிதான். மிரண்டு ஓடுற மாடு ரோடா, கிணறான்னு பார்த்து ஓடாது. பிள்ளை மாதிரி வளர்த்தவர் கயித்தைக் கையில வச்சுக்கிட்டு ராத்திரி பூரா தேடுவார். இதையும் பண்பாடுன்னு சொல்லிக் கடந்து போக முடியுமா?

இதைப் பேசினாலே "நீ அந்த விலங்கு நல அமைப்போட ஆளா?", "வெளிநாட்டுச் சதி"ன்னு கமெண்ட் வரும். தெரியும். அதுக்கும் ஒரு வரலாறு சொல்றேன். விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் எங்கிருந்தோ இறக்குமதி ஆனதில்லை. மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல், மாநிலங்களவை உறுப்பினரா இருந்தப்போ கொண்டு வந்த தனிநபர் மசோதாதான் 1960 சட்டத்துக்கு வழி போட்டது. 1962-ல் அமைஞ்ச விலங்குகள் நல வாரியத்துக்கு முதல் தலைவரும் அவங்கதான். வாரியத்தோட தலைமையகம் பல வருஷம் சென்னையில்தான் இருந்துச்சு. 2014 வழக்குல நமக்கு எதிரே நின்னதும் அதே வாரியம். ஆக, காளையைத் தழுவுறதும் தமிழர் மரபு. அதுக்கு வலிக்கக் கூடாதுன்னு சட்டம் கேட்டதும் இந்த மண்ணுல பிறந்த ஒரு அம்மாதான். ரெண்டையும் சேர்த்துத்தான் நாம சுமக்கணும்.

அந்த 1960 சட்டத்துல ஒரு கொடுமை இன்னும் அப்படியே இருக்கு. ஒரு வாயில்லா ஜீவனை அடிச்சு வதைச்சா முதல் குற்றத்துக்கு அபராதம் எவ்வளவு தெரியுமா? 10 ரூபாய்ல இருந்து 50 ரூபாய் வரை! காரைக்குடி பஸ் ஸ்டாண்டுல ரெண்டு டீயும் ரெண்டு வடையும் அதுக்கு மேல ஆகும். அபராதத்தை உயர்த்த 2022-ல் ஒன்றிய அரசு ஒரு வரைவு மசோதா வெளியிட்டு மக்கள்கிட்ட கருத்து கேட்டது. அது சட்டமா வரவே இல்லை.

டெல்லிக்காகக் காத்திருக்கணுமா? தேவையில்லை. விலங்கு வதைத் தடுப்பு பொதுப்பட்டியல்ல இருக்கு. 2017 ஜனவரி 23-ல் நம்ம சட்டமன்றம் மசோதா நிறைவேத்துச்சு, 31-ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல் வந்துச்சு. காளையை அவிழ்க்க எட்டே நாள்ல திறந்த வழி அது. அதே வழியில அபராதத்தையும் உயர்த்தலாம். மெரினாவுல கூடின சனம் காளை மேல வச்ச பாசம் நிஜம்னா, இந்தக் கோரிக்கையை முதல்ல எழுப்ப வேண்டியது நாமதான்.

சட்டம் வந்தாத்தான் மனசு வரும்னும் இல்லை. திருப்பத்தூர் பக்கத்துல வேட்டங்குடி பறவைகள் சரணாலயம். அதை ஒட்டி கொள்ளுக்குடிப்பட்டி. வலசை வர்ற நாரைகளும் கொக்குகளும் மிரண்டுடக் கூடாதுன்னு அந்த ஊர்ல தலைமுறை தலைமுறையா தீபாவளிக்கு வெடி போடுறதில்லை. அந்த இடம் சரணாலயம் ஆனதே 1977-ல்தான். அந்த ஊர்க்காரங்க யாரும் தீபாவளியை விட்டுடல. வெடியை மட்டும்தான் விட்டாங்க. வனத்துறை வந்து இனிப்பு கொடுத்து நன்றி சொல்லுது. நம்ம மாவட்டத்துப் பிள்ளைங்களே பட்டாசை விட்டுக் கொடுக்கும்போது, பெரியவங்க நாம ஒரு வேலியைப் போட முடியாதா?

பல ஊர்ல விழா கமிட்டியில நம்ம ஆட்களே இருக்கீங்க. உங்ககிட்டத்தான் கேட்கிறோம்:

1. தொழுவுக்கு வராத மாடு, மருத்துவர் பார்க்காத மாடு பொட்டல்ல இறங்கக் கூடாது. கட்டுமாடு அவிழ்க்கிறதை ஊர்க்கூட்டத்துலயே பேசி நிறுத்துங்க.

2. பொட்டலைச் சுத்தி இருக்கிற கிணறு, ரோடு, கண்மாய் எல்லாத்துக்கும் முதல் நாளே தடுப்பு போடுங்க.

3. சின்னப் பசங்களை களத்துப் பக்கமே விடாதீங்க.

4. வாலைப் பிடிச்சு முறுக்குறவன், மாட்டுக்குச் சாராயம் ஊத்துறவன் நம்ம கட்சிக்காரனாவே இருந்தாலும் வெளியே அனுப்புங்க. சிபாரிசுக்கு ஃபோன் பண்ணாதீங்க.

ஐ.டி. விங் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. காளை திமிலோட நிக்கிற ரீல்ஸ் மட்டும் போடாம, விதி மீறுற வீடியோ வந்தா அதையும் ஆட்சியர் அலுவலகத்துக்கு அனுப்புங்க. எதிர்க்கட்சி ஊரா, நம்ம ஊரான்னு பார்க்க வேண்டாம்.

பொங்கலுக்கு மாட்டுக்குக் குங்குமம் வச்சு, மாலை போட்டு, முதல் சோறு ஊட்டுற சனம் நாம. மறுநாள் பொட்டல்லயும் அந்த மரியாதை அதுக்குக் கிடைக்கணும். பொட்டலுக்குப் போன மாடும் மனுஷனும் சாயங்காலம் வீடு திரும்பணும். உச்ச நீதிமன்றத்துல நம்ம சார்பா கொடுத்த வாக்கு இவ்வளவுதான்.

உங்க ஊர் விழா கமிட்டி குரூப்ல இதைப் பகிருங்க.

#மஞ்சுவிரட்டு #சிவகங்கை #விதியோடு_விளையாட்டு