"இன்னிக்கு வேண்டாம்" என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும்!

சனி, ஞாயிறு சேர்ந்தாற்போல் லீவு வந்தால் போதும். மதுரை ஆரப்பாளையம் பஸ் நிலையத்தில் முதுகில் மூட்டையோடு இளவட்டங்களின் கூட்டம்! எங்கே பயணம் என்றால், "கொடைக்கானலுக்கு. பஸ்ஸில் இல்லீங்க, கும்பக்கரையில் இறங்கி நடந்தே ஏறப் போறோம்" என்கிறார்கள்.

ஆசை நல்ல ஆசைதான். தப்பில்லை. வழி யாருக்குத் தெரியும்? "செல்போனில் மேப் இருக்கு. கைடு எதுக்கு, வீண் செலவு!" என்று பதில் வருகிறது. ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

கும்பக்கரையிலிருந்து வெள்ளகவி வழியாக வட்டக்கானல் போகும் பாதையில் 5,000 அடிக்கு மேல் ஏற்றம். வழியில் காட்டெருமை நிற்கும். மதியத்துக்கு மேல் பனிமூட்டம் இறங்கினால் பத்தடி தூரம் தெரியாது. கால் பிசகி விழுந்தால் 108-க்கு போன் போடலாம். சிக்னல் கிடைக்க வேண்டும். கிடைத்தாலும் ஆம்புலன்ஸ் ரோடு வரைக்கும்தான் வரும்!

"இமயமலையா இது? சின்ன மலைதானே!" என்ற அலட்சியம் வேறு. கொடைக்கானல் சுமார் 7,000 அடி உயரம். மூச்சு முட்டுவதும் மண்டை இடிப்பதும் பெரும்பாலும் 8,000 அடிக்கு மேல்தான் ஆரம்பிக்கும். அதனால் நம் மலையில் உடம்பு எச்சரிக்கை கொடுப்பதில்லை. எச்சரிக்கை கொடுக்க ஒரு மனிதர்தான் வேண்டும்.

குரங்கணியை மறக்க முடியுமா? 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. போடி பக்கத்து மலையில் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பெரும்பாலும் வேலை பார்க்கும் இளம் பிள்ளைகள். அவர்களுக்குக் கூட்டிப் போக ஆள் இல்லாமல் இல்லை. பயணத்தை ஏற்பாடு செய்தவர்கள் இருந்தார்கள். ஆனால் அது புல் காய்ந்து கிடந்த காலம். சரிவில் தீ மனிதனை விட வேகமாக மேலே ஏறும். "இந்த மாசம் வேண்டாம், திரும்புங்க" என்று தடுக்க ஆள் இல்லையே! அது நடந்திருந்தால் அத்தனை வீட்டிலும் இன்று விளக்கு எரியும்.

கைடு என்றால் வழி காட்டுகிறவர் மட்டுமல்ல. போகக்கூடாத நாளில் "போகாதே" என்று சொல்கிறவர். காற்று திசை மாறுவதையும், ஓடையில் தண்ணீர் கூடுவதையும், யானை போன தடத்தையும் மேப் சொல்லாது. அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவர் சொல்வார். பழனி மலையில் பளியர்கள் தலைமுறை தலைமுறையாக அந்தக் காட்டை அறிந்தவர்கள். ஷெர்பாக்களின் துணை இல்லாமல் எவரெஸ்ட் ஏறுகிறவர்கள் மிகமிகச் சிலரே. நேபாளத்திலே வெளிநாட்டுக்காரர் பல பாதைகளில் கைடு இல்லாமல் நடக்கக்கூடாது என்று 2023-ல் உத்தரவே போட்டு விட்டார்கள்.

நம் அரசும் சும்மா இருக்கவில்லை. குரங்கணிக்குப் பிறகு 2018-லேயே மலையேற்ற விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை 40 பாதைகளைத் திறந்து, உள்ளூர் இளைஞர்களைப் பயிற்சி கொடுத்து வழிகாட்டிகள் ஆக்கியது. பாராட்ட வேண்டிய காரியம்!

ஆனாலும் இரண்டு குறை தீர வேண்டும். கட்டணம் மாதச் சம்பளக்காரர் தாங்குகிற அளவில் இருக்க வேண்டும். அது கனமாக இருந்தால், அனுமதி இல்லாத குறுக்கு வழியில் ஏறத்தான் பார்ப்பார்கள். அடுத்தது, வழிகாட்டியின் கூலி. ஆள் கூட்டிப் போனால்தான் காசு என்றால், "இன்னிக்கு வேண்டாம்" என்று எந்த ஏழை வாய் திறப்பான்? மழைக்கும் தீக்கும் பயணம் நின்று போகும் நாளிலும் அவருக்குக் கூலி கிடைக்க வேண்டும். அப்போதுதான் உள்ளதைச் சொல்வார்.

பெற்றோரும் கவனிக்க வேண்டும். பிள்ளை மலைக்குப் புறப்பட்டால் மூன்று கேள்வி கேளுங்கள். வனத்துறை அனுமதிச் சீட்டு எங்கே? கூட வருகிற வழிகாட்டி எந்த ஊர்? எத்தனை மணிக்குள் கீழே இறங்குவீர்கள்? பதில் இல்லை என்றால், பையைக் கழற்றி வைக்கச் சொல்லுங்கள்!

மலை எங்கேயும் ஓடி விடாது. அடுத்த லீவுக்கும் அங்கேதான் நிற்கும். ஏறப் போன பிள்ளை வீடு திரும்புவதுதான் முக்கியம்!