கேஸ் என்ன பெட்ரோலா?

எங்கள் திருத்தணியின் பெயர் தொலைக்காட்சியில் ஆடிக் கிருத்திகைக்கு ஒருமுறை வரும். வெயிலுக்குப் பலமுறை வரும். அப்படிப்பட்ட ஊரில், அக்னி நட்சத்திரம் கொளுத்தும் ஒரு மத்தியானம், என் வீட்டுப் படுக்கையறை ஏசிக்குள் ஐஸ் கட்டியது. "ஏங்க, வந்து பாருங்க, ஏசிக்குள்ள பனி மூடிக்கிடக்கு" என்று வீட்டம்மா கூப்பிட்டார். மூடியைத் தூக்கினால் உள்ளே கம்பி தெரியாமல் வெள்ளையாக உறைந்திருக்கிறது. காற்று வரவில்லை. கட்டில்மேல் மட்டும் தண்ணீர் சொட்டுகிறது.

மெக்கானிக் வந்தார். பைப்பைத் தொட்டுப் பார்த்தார். "கேஸ் கம்மி சார். அடிச்சுட்டா சரியாயிடும்" என்றார். அடித்தார். 2,800 ரூபாய் கொடுத்தேன். அடுத்த கோடையில் மறுபடி ஐஸ், மறுபடி அதே வசனம். அதற்கடுத்த கோடையிலும் அப்படியே. ஆளும் தொகையும் மாறினார்கள், வசனம் மாறவில்லை.

நான் முப்பது வருஷத்துக்கு மேல் அரசாங்க அலுவலகத்தில் பில் சரிபார்த்த கிளார்க். அளவு எழுதாத பில்லை, காரணம் எழுதாத செலவைத் திருப்பி அனுப்பியே கெட்ட பெயர் வாங்கியவன். அந்த நான் மூன்று வருஷம், எத்தனை கிராம் கேஸ், ஏன் குறைந்தது என்று ஒரு கேள்வி கேட்காமல் பணம் எண்ணிக் கொடுத்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

கண்ணைத் திறந்தவர் அரக்கோணத்து நண்பர். ரயில்வேயில் ஏசி பெட்டிகளைப் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார். "அண்ணே, கேஸ் என்ன பெட்ரோலா, ஓட ஓடத் தீர்ந்துபோக? வாங்கின அன்னிக்கு அடிச்ச கேஸ், ஏசி சாகிற வரைக்கும் உள்ளேயே சுத்திக்கிட்டு இருக்கணும். குறைஞ்சா எங்கேயோ ஓட்டைன்னு அர்த்தம். ஓட்டையை யாராவது அடைச்சாங்களா?"

யாரும் அடைக்கவில்லை. தேடக்கூட இல்லை.

இதில் எனக்கு இன்னொரு அவமானமும் உண்டு. நான் புதுச்சேரிக்காரன், திருத்தணி என் மாமனார் ஊர். பிரெஞ்சுக்காரர்கள் போன பிறகும் பிரெஞ்சு மீடியத்திலேயே படித்தேன். சாடி கார்னோ என்ற பிரெஞ்சுக்காரர் 1824-ல், தம் 28-ஆம் வயதில், வெப்பத்தைப் பற்றி எழுதிய புத்தகத்தை எங்கள் பௌதிக வாத்தியார் சாமி படம் போலக் கொண்டாடுவார். ஒரு பொருள் சூடாகி, விரிந்து, குளிர்ந்து, சுருங்கி, புறப்பட்ட நிலைக்கே திரும்பி வரும் சுற்று. கரும்பலகையில் அதை வரைந்து பரீட்சையில் மார்க் வாங்கினேன். அதே சுற்றைத் திருப்பிப் போட்டால் அதுதான் ஃபிரிட்ஜ், அதுதான் ஏசி. சுற்று என்றால் தீராது. படித்தது தலையில் இருந்தது. பர்ஸைத் திறக்கும்போது ஞாபகத்துக்கு வரவில்லை.

சரி, கேஸ் காரணமில்லை என்றால் ஐஸ் ஏன் கட்டுகிறது?

உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் சாதாரணமாக ஐந்திலிருந்து பத்து டிகிரிக்குள் இருக்கும். அறையின் சூடான காற்று ஓயாமல் அதன்மேல் பட்டுக்கொண்டே இருப்பதால்தான் அது அந்த அளவில் நிற்கிறது. காற்றிலுள்ள ஈரம் சுருளில் பட்டுத் தண்ணீராகி வெளியே வடிந்துவிடும். காற்று குறைந்தால் சுருள் மேலும் குளிர்ந்து பூஜ்யத்துக்குக் கீழே போகும். அப்போது தண்ணீர் வடியாமல் அங்கேயே உறையும். உறைந்த ஐஸ் இருக்கிற காற்றையும் அடைக்கும். அதனால் இன்னும் ஐஸ் சேரும். கேஸ் குறைந்தாலும் சுருள் உறையலாம், அது உண்மைதான். ஆனால் வீடுகளில் முதலில் சந்தேகப்பட வேண்டியது அடைபட்ட ஃபில்டரை.

நண்பர் என் ஏசியின் ஃபில்டரை உருவிக் காட்டினார். திருப்பதி சாலையில் லாரிகள் கிளப்பும் புழுதி, வெள்ளிக்கிழமை சாம்பிராணிப் புகை, வீட்டம்மா தாளிக்கும் எண்ணெய்ப் பிசுக்கு, மூன்றும் சேர்ந்து கம்பளி போல அப்பியிருந்தது. குழாயடியில் பத்து நிமிடம் கழுவினோம். சுருளையும் அதன் பின்னால் சுழலும் விசிறியையும் தண்ணீர் பீய்ச்சிச் சுத்தம் செய்தார். அன்றிலிருந்து இரண்டு கோடை போய்விட்டது. ஒரு பொட்டு ஐஸ் கிடையாது. ஒரு கிராம் கேஸும் அடிக்கவில்லை.

புதுச்சேரியில் கடலோரம் குடியிருக்கும் என் மகள் வீட்டிலும் இதே கதைதான். சுவரெல்லாம் பூஞ்சை பிடிக்கிறது என்று ஈரம் உறிஞ்சும் மிஷின் ஒன்று வாங்கினாள். அது அடிக்கடி உறைந்து நின்றது. காட்டிய இடத்தில் சொன்ன தீர்ப்பு என்ன என்று நினைக்கிறீர்கள்? "கேஸ் கம்மி"தான்! போய்ப் பார்த்தேன். மிஷினின் முதுகைச் சுவரோடு ஒட்டி வைத்திருக்கிறாள். காற்று நுழைய வழியில்லை. போதாததற்கு அதே அறையில் ஏசி 18-ல் ஓடுகிறது. அறையே குளிர்ந்து கிடந்தால் அந்த மிஷினின் சுருள் உறையத்தான் செய்யும். "அம்மாடி, இரண்டும் ஒரே வேலையைச் செய்கிற மிஷின், ஒரே அறையில் எதற்கு?" என்று கேட்டு, ஒரு முழம் தள்ளி வைத்து, ஏசியை நிறுத்தினேன். பிறகு உறையவில்லை. ஈரத்தை எடுப்பதுதான் ஏசியின் பூர்வீகத் தொழில். 1902-ல் கேரியர் என்ற அமெரிக்கப் பொறியாளர் அதை அமைத்ததே, புரூக்ளினில் ஓர் அச்சகத்தில் ஈரக்காற்றில் காகிதம் உப்பிப்போவதைத் தடுக்கத்தான்.

"பாவம், வெயிலில் மாடி ஏறி வேலை செய்கிற பையன்கள், அவர்களைப் போய்த் திட்டுகிறாயே" என்று சிலர் சொல்வார்கள். அதில் பாதி நியாயம். மீதிப் பாதிக் குற்றம் நம்முடையது. "சுத்தம் பண்ண 600 ரூபாய்" என்றால், "துடைக்கிறதுக்கா அவ்வளவு?" என்று பேரம் பேசுகிறோம். "கேஸ் 3,000" என்றால் வாயை மூடிக்கொண்டு கொடுக்கிறோம். உண்மையைச் சொன்னவனுக்குக் கூலி குறைத்து, பொய் சொன்னவனுக்கு ஐந்து மடங்கு கொடுத்தால், எவன் உண்மை சொல்லுவான்? "கேஸ் கம்மி" என்ற வசனத்தைச் சொல்லிக் கொடுத்தவர்களே நாம்தான்.

அதற்காகத் தெரிந்தே பொய் சொல்பவனை விட்டுவிட முடியாது. எடை போடாமல் கேஸ் அடிக்கிறவன் தராசு இல்லாத ரேஷன் கடைக்காரன். ஏசியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் தகட்டைப் படியுங்கள். எந்த கேஸ், எத்தனை கிராம் என்று அச்சடித்திருக்கும். கசிவைக் கண்டுபிடித்து, அடைத்து, வேக்கம் பம்ப் வைத்துக் காற்றை உறிஞ்சி, பிறகு தராசில் வைத்து அந்த அளவை அடிப்பதுதான் முறை. கசிவை அடைக்காமல் அடித்த கேஸ் வானத்துக்குத்தான் போகும். ஆர்-410ஏ என்ற கேஸ் ஒரு கிலோ கசிந்தால், சுமார் இரண்டு டன் கார்பன் டை ஆக்சைடு செய்கிற அளவுக்குப் பூமியைச் சூடாக்கும். வெயிலுக்குப் பேர்போன ஊரில் உட்கார்ந்துகொண்டு, காசும் கொடுத்து, வெயிலையும் ஏற்றிக்கொள்ள வேண்டுமா?

என் வயதுக்காரர்களுக்குச் சொல்லிக்கொள்வது இவ்வளவுதான். ஐஸைக் கண்டால் முதலில் ஏசியை நிறுத்துங்கள். ஸ்க்ரூடிரைவரால் குத்தாதீர்கள், பைப்பில் ஓட்டை விழுந்தால் பொய் மெய்யாகிவிடும். அதுவாக உருகட்டும். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, பேரனையோ பக்கத்து வீட்டுப் பையனையோ விட்டு ஃபில்டரைக் கழற்றிக் கழுவுங்கள். நீங்கள் ஸ்டூல் ஏற வேண்டாம். இடுப்பு எலும்பு ஏசியைவிட விலை அதிகம். பிறகு 24-ல் வைத்து, விசிறியை வேகமாக விடுங்கள். கோடையில் மாதம் இருமுறை கழுவினால் போதும்.

இவ்வளவு செய்தும் உறைந்தால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். மரியாதையாக உட்காரவைத்து மோர் கொடுங்கள். "கேஸ் கம்மி" என்று அவர் சொன்னால் மூன்றே கேள்வி: எங்கே கசிகிறது? எத்தனை கிராம் அடிக்கப் போகிறாய்? பில்லில் எழுதித் தருவாயா, தம்பி?

நல்ல தொழிலாளி மூன்றுக்கும் பதில் சொல்வார். அவருக்குச் சொன்ன கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். மற்றவர் மோரைக் குடித்துவிட்டுப் போகட்டும்.