புகார் சொன்னால்தான் தெரியுமா?

“புகார் கொடுங்கள், நடவடிக்கை எடுக்கிறோம்.” தெருவில் கண்டபடி வண்டி நிறுத்துவதைப் பற்றி எந்தக் குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டத்தில் பேச்செடுத்தாலும், மேடையில் இருக்கும் அதிகாரி ஒப்பிக்கிற வசனம் இது. கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. 2022 ஜூனில் மத்திய அமைச்சர் நிதின் கட்கரி ஒரு படி மேலே போனார். தவறாக நிறுத்திய வண்டியைப் படமெடுத்து அனுப்பினால், 1,000 ரூபாய் அபராதத்தில் 500 அனுப்பியவருக்கு. அப்படியொரு சட்டம் கொண்டுவரப்போகிறேன் என்றார். ஆக, காவல் வேலையும் இனி நம் தலையில்.

புகார் கேட்க அவர்கள் சொல்லும் முதல் வாதம்: சொன்னால்தானே தெரியும்? கண்டபடி நிறுத்திய காரை ரோந்து வண்டியே சுற்றிக்கொண்டுதான் போகிறது. தெரியாதாம்!

இரண்டாவது வாதம்: மக்கள் உரிய இடத்தில் புகார் செய்வதில்லை. சரி, சென்னையில் உரிய இடம் எது? நோ பார்க்கிங் பலகைக்குக் கீழே நிறுத்தினால் போக்குவரத்துக் காவல். கேட்பாரற்றுக் கிடந்தால் மாநகராட்சி, எண் 1913. வண்டி நிறுத்தும் கீழ்த்தளத்தைக் கடையாக்கிவிட்டு வண்டிகளைத் தெருவுக்குத் தள்ளிய கட்டடமா? அதற்கு அனுமதி தந்தது மாநகராட்சியா, சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமா (சிஎம்டிஏ) என்று முதலில் நீங்கள் துப்பறிய வேண்டும்.

எங்கள் தெருவில் ஒரு கார் கிடக்கிறது. நாலு டயரும் தரையோடு ஒட்டிவிட்டன. வைப்பருக்கு அடியில் வேப்பஞ்சருகு மக்கி, அதில் செடி முளைத்து இரண்டு இலையும் விட்டாயிற்று. ஓர் அலுவலகத்தில், “ஓடாத வண்டி சார், எங்களுக்கு வராது” என்றார்கள். இன்னொன்றில், “நம்பர் பிளேட் இருக்கே, அப்ப ஓனர் இருக்காருன்னுதானே அர்த்தம்? போலீஸ்கிட்ட போங்க.” கொஞ்ச நாளில் குறுஞ்செய்தி வந்தது: தங்கள் புகார் தீர்க்கப்பட்டது. கார் மட்டும் கிடந்த இடத்திலேயே கிடக்கிறது.

சட்டம் இப்படி அலைக்கழிக்கச் சொல்கிறதா? 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 127ஆம் பிரிவைப் புரட்டுங்கள். பொது இடத்தில் 10 மணி நேரமோ அதற்கு மேலோ ஆளில்லாமல் விட்ட வண்டி, தடைசெய்த இடத்தில் நிறுத்திய வண்டி இரண்டையும் இழுத்துப் போகவோ சக்கரத்துக்குப் பூட்டுப் போடவோ, அந்த எல்லைக்குரிய சீருடைக் காவலர் உத்தரவிடலாம். உடைந்து நொறுங்கி இடைஞ்சலாகக் கிடப்பதை உடனே அகற்றவும் வழி இருக்கிறது. இழுவைச் செலவு உரிமையாளருடையது. பொதுமக்கள் புகார் அளித்தால்தான் என்ற நிபந்தனையை அந்தப் பிரிவில் பூதக்கண்ணாடி வைத்துத் தேடினாலும் காணோம். ஓடுகிற வண்டி உனக்கு, ஓடாத வண்டி எனக்கு என்ற பாகப்பிரிவினையும் காணோம்.

மூன்றாவது வாதம்: ஆதாரம் கொடுத்தால் அபராதம் நிச்சயம். பக்கத்து வீட்டுக்காரர் காரைப் படமெடுத்து அனுப்பிவிட்டு, மறுநாள் அதே மாடிப்படியில் அவர் முகத்தில் விழிக்கப்போவது அமைச்சரா, நாமா?

வண்டி எங்கே நிறுத்தலாம் என்று இடம் குறிக்க, அதே மோட்டார் வாகனச் சட்டத்தின் 117ஆம் பிரிவு அரசுக்கு அதிகாரம் தருகிறது. கோட்டைப் போடுங்கள். வார்டுக்கு ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். காலையில் அவர் ஒரு நடை நடந்து பார்க்கட்டும். அவருக்குச் சம்பளம் கொடுக்க நாங்கள் தயார், கொடுத்துக்கொண்டும்தான் இருக்கிறோம்.