கைபடாத எஞ்சின்

பழைய வண்டி விற்பவர்களின் அகராதியில் ‘எஞ்சின் கைபடாதது’ என்பதைவிடப் பெரிய புகழ்ச்சி வேறில்லை. சங்கரன்கோவிலிலும் ராஜபாளையத்திலும் திருநெல்வேலியிலும் செகண்ட் ஹேண்ட் வண்டிகள் விலை பேசப்படும் இடங்களில் இந்த ஒரு சொற்றொடர் விலையை ஏற்றிவிடுகிறது. வாங்க வந்தவருக்கும் அதைக் கேட்டதும் ஒரு நிம்மதி. பல வண்டிகளுக்கு அது பொருந்தவும்கூடும். ஆனால் இன்று இளைஞர்கள் ஊர் ஊராகத் தேடி வாங்கும் ராஜ்தூத் 350க்கு மட்டும் அச்சொல்லை எச்சரிக்கையாகவே கொள்ளவேண்டும் என்பது என் தரப்பு.

வண்டியை அறியாதவர்களுக்காகச் சில விவரங்கள். யமஹா நிறுவனம் 1973 முதல் 1975 வரை ஜப்பானில் தயாரித்த ஆர்.டி. 350, பந்தய வண்டிகளின் வழியில் வந்தது. 347 சி.சி., இரட்டைச் சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், ஆறு கியர், 39 குதிரைத்திறன். இதையே எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983இல் ஃபரீதாபாத்தில் ராஜ்தூத் 350 என்ற பெயரில் தயாரிக்கத் தொடங்கியது. இந்தியச் சூழலுக்கென்று திறன் குறைக்கப்பட்டது. முதலில் வந்த ‘ஹை டார்க்’ வகைக்கு 30.5, பின்னர் வந்த ‘லோ டார்க்’ வகைக்கு 27. முன்சக்கரத்தின் டிஸ்க் பிரேக் போய் டிரம் பிரேக் வந்தது. அப்படியும் அன்றைய புல்லட்டைவிட அது வெகுவாக முந்தியது. ஆனால் அது குடித்த பெட்ரோலை நம் நடுத்தர வர்க்கத்தால் தாங்க முடியவில்லை. 1985இல் ஹீரோ ஹோண்டா சி.டி. 100 வந்தது, பெட்ரோலை நிரப்பிவிட்டு மறந்துவிடலாம் என்பதே அதன் விளம்பரம். மறக்க அனுமதித்த வண்டி வென்றது. 1980களின் இறுதியில் ராஜ்தூத் 350இன் தயாரிப்பு நின்றுபோனது.

மறக்க அனுமதிக்காததுதான் அந்த எஞ்சினின் இயல்பு. அதற்குக் காரணம் உண்டு. ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினில் பிஸ்டனுக்குக் கீழே இருக்கும் கிராங்க் அறையில் ஆயில் மட்டுமே இருக்கும். அங்கே ஒரு சீல் கசிந்தால் தரையில் ஆயில் சொட்டும், வண்டி ஓடிக்கொண்டிருக்கும். டூ ஸ்ட்ரோக்கிலோ பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை முதலில் கிராங்க் அறைக்குள் வந்து, அங்கு அழுத்தப்பட்டு, பிறகே மேலே செல்கிறது. ஆகவே கிராங்கின் இரு முனைகளிலும் உள்ள ரப்பர் சீல்கள் எஞ்சினின் மூச்சைக் காப்பவை. வலப்பக்க சீல் தேய்ந்தால் கியர் ஆயிலை உறிஞ்சி வெண்புகை கக்கும். அது கண்ணுக்குத் தெரியும். இடப்பக்க சீல் காய்ந்து வெடித்தால் வெளிக்காற்று உள்ளே வரும். கலவையில் பெட்ரோல் குறையும். வெப்பம் ஏறும். வண்டி வழக்கத்தைவிடத் துடிப்பாக ஓடுவதுபோலக்கூடத் தோன்றும். பிறகு திடீரென்று பிஸ்டன் சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளும், அல்லது அதன் தலையில் ஓட்டை விழும்.

நூறு கிலோமீட்டர் வேகத்தில் பிஸ்டன் பிடித்துக்கொண்டால் பின்சக்கரமும் பூட்டிக்கொள்ளும். அந்த நொடியில் கிளட்சை அழுத்தியவர் தப்பிப்பார். கடைசியில் இது ஓர் உயிரைப் பற்றிய பேச்சு என்பதை நினைவில் வைத்துக்கொண்டே விலையைப் பேசவேண்டும்.

சீல்கள் ஓடித் தேய்வதைவிட நின்று காய்வதுதான் அதிகம். சென்ற ஆண்டு என் தங்கை மகன் ஒரு ராஜ்தூத் 350ஐப் பார்த்துவிட்டு வந்து, “எஞ்சின்ல கையே வைக்கலையாம் மாமா” என்றான். எவ்வளவு நாள் ஓடாமல் கிடந்தது என்று கேட்டேன். “பத்து வருஷமா தார்ப்பாய் போட்டு மூடி பத்திரமா வச்சிருக்காங்க” என்றான், அதுவும் ஒரு தகுதி என்பதுபோல. விசைத்தறிச் சத்தத்திலேயே வளர்ந்தவன் அவன். ஓடுகிற தறியைவிட ஓடாமல் கிடக்கும் தறிக்குத்தான் செலவு அதிகம் என்பதை அவனுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் தறிக்குப் பொருந்தும் நியாயம் ஆசைப்பட்ட வண்டிக்கு நினைவுக்கு வருவதில்லை. கண்ணாடிபோலத் துடைத்து வரவேற்பறையில் நிறுத்தப்பட்ட வண்டியைவிட, தினமும் சந்தைக்குப் போய்வந்த அழுக்கு வண்டியின் எஞ்சின் நம்பத்தக்கது.

இன்றைய பெட்ரோல் இந்தப் பலவீனத்தைக் கூட்டியிருக்கிறது. 2025இல் நாட்டின் பெட்ரோலில் எத்தனாலின் பங்கு 20 விழுக்காட்டை எட்டியது. 1980களின் ரப்பர் எத்தனாலை எண்ணிச் செய்யப்பட்டதல்ல. எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் அதே ஜெட் உள்ள பழைய கார்புரேட்டரில் கலவை இன்னும் மெலிகிறது. ஏற்கெனவே கசியும் சீலோடு இதுவும் சேர்ந்தால் விளைவை விளக்க வேண்டியதில்லை. ஆட்டோலூப் பம்பைக் கழற்றி எறிந்துவிட்டு, டேங்கிலேயே ஆயிலைக் கலந்து ஓட்டும் வழக்கமும் உண்டு. அத்தகைய வண்டியில் செங்கோட்டைக்கு அப்பால் ஆரியங்காவு இறக்கத்தில் ஆக்சிலேட்டரை மூடியபடி இறங்கினால், எஞ்சின் வேகமாகச் சுழலும், ஆயிலோ மிகக் கொஞ்சமே போகும்.

அசல் தன்மையைப் போற்றும் நண்பர்கள் இதை மறுப்பார்கள். தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே ஒரு பொருள் இருப்பதில் ஒரு புனிதம் உண்டு, பிரித்துவிட்டால் அது போய்விடும் என்பார்கள். நம் மரபு அப்படிச் சொல்லவில்லை. கோயில்களில் மூலவருக்கும் பீடத்துக்கும் இடையே சாத்தப்படும் அஷ்டபந்தனம், எட்டுப் பொருள்களை இடித்துச் செய்த ஒரு பூச்சு. காலப்போக்கில் அது காய்ந்து இறுகி விரிசல் விடும் என்பதை அறிந்தே, பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அதைப் புதுப்பித்துக் குடமுழுக்கு செய்யும் வழக்கத்தை வைத்தார்கள். புதுப்பிப்பதால் மூர்த்தியின் தொன்மை குறைவதாக எவரும் சொல்வதில்லை. முப்பத்தைந்து ஆண்டுகளாக ரப்பர் சீலை மாற்றாமல் வைத்திருப்பதை நாம் மட்டும் பெருமை என்கிறோம்.

அப்படியானால் இந்த வண்டியை வாங்கவே கூடாதா? வாங்கலாம் என்பதே என் பதில். அறியப்பட்ட பலவீனம் ஒருவகையில் வரம். அதற்கு மருந்தும் அறியப்பட்டிருக்கிறது. சீலின் விலை அற்பம். ஆனால் அதை மாற்ற எஞ்சினை இறக்கி கிராங்க் கேஸைப் பிரிக்கவேண்டும். இரண்டு சிலிண்டர்களுக்கும் நடுவிலுள்ள சீலை மாற்றுவதென்றால் கிராங்கையே பிரித்து, மீண்டும் அழுத்தி, நூல் பிசகாமல் நேராக்கவேண்டும். அதற்குப் பழகிய கை வேண்டும். 1980களில் இந்த எஞ்சின்களில் தொழில் கற்றவர்கள் இன்று அறுபதைத் தொட்டோ கடந்தோ இருக்கிறார்கள். வண்டியைத் தேடுவதற்குமுன் அப்படிப்பட்ட ஒருவரைத் தேடிக்கொள்வதே முறை. அவர் உள்ளே புகும் வழிகளை அடைத்து, சிறிதளவு காற்றை ஏற்றி, அழுத்தம் நிற்கிறதா என்று சோதித்தாலே பாதி உண்மை வெளிவந்துவிடும்.

மற்றது தாள்களில் இருக்கிறது. எஞ்சின் எண் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கவேண்டும். பதினைந்து ஆண்டுக்குப் பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவு புதுப்பிக்கப்பட்டிருக்கவேண்டும். 2021ஆம் ஆண்டு விதிகளின்படி ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளே ‘விண்டேஜ்’ ஆகும். ஆகவே 1983இல் பதிவான முதல் ராஜ்தூத் 350க்கும் அந்தத் தகுதி 2033இல்தான் வாய்க்கும். விண்டேஜ் என்று சொல்லி எவரும் விலையை ஏற்றினால் நம்பவேண்டியதில்லை.

விலை இப்போது லட்சங்களில் பேசப்படுகிறது. அதில் பாதி வண்டிக்கு, பாதி நம் இளமையின் கனவுக்கு. கனவுக்குப் பணம் கொடுப்பது அவரவர் விருப்பம். ஆனால் விற்பவரிடம் ஒரு கேள்வி கேட்டே ஆகவேண்டும்: இந்த எஞ்சினைக் கடைசியாக யார் பிரித்தார், எப்போது? பெயரும் ரசீதும் கிடைத்தால் சற்றுக் கூடுதலாகவே கொடுக்கலாம். ‘பிரித்ததே இல்லை’ என்று பெருமையோடு பதில் வந்தால், எஞ்சினை முழுதாகப் பிரித்துச் சேர்க்கும் செலவை அந்த இடத்திலேயே விலையில் கழிக்கச் சொல்லவேண்டும். அவர் இணங்கவில்லை என்றால் எழுந்து வந்துவிடுவதே நல்லது.