இரண்டு அடிமைப் பெண்கள்

டெல்லியில் நாங்கள் சில தமிழ்க் குடும்பங்கள் ஞாயிறுதோறும் ஒரு வாடகை ஹாலில்தான் கூடுகிறோம். ஆராதனை முடிந்து டீ குடிக்கும்போது பேச்சு எப்போதும் ஒன்றுதான்: "நமக்கென்று ஒரு கட்டிடம் இருந்தால்..." நானும் அப்படிப் புலம்புகிற ஆள்தான்.

போன வாரம் பிளினியின் கடிதத்தை மறுபடி படித்தேன். சுமார் கி.பி. 112-ல் பித்தினியாவில் ரோம ஆளுநராக இருந்தவர், பேரரசர் டிராஜனுக்கு எழுதியது. (பேதுருவின் முதல் நிருபம், முதல் வசனத்தில் வருமே, அதே பித்தினியா.) "நீ கிறிஸ்தவனா?" என்று மூன்று முறை கேட்பாராம். ஆமாம் என்றே நின்றால் மரண தண்டனை. ரோமக் குடிமக்களை மட்டும் ரோமுக்கு அனுப்புவார்.

அப்படி என்னதான் செய்தார்கள்? விசுவாசத்தை விட்டுப் போனவர்களே சொல்கிறார்கள்: குறிப்பிட்ட நாளில் விடியுமுன் கூடி கிறிஸ்துவைப் பாடினோம். திருடுவதில்லை, விபசாரம் செய்வதில்லை, வாக்குத் தவறுவதில்லை, நம்பி ஒப்படைத்ததைத் திருப்பித் தர மறுப்பதில்லை என்று உறுதி எடுத்தோம். அவ்வளவுதான்!

ஆளுநருக்கு அது போதவில்லை. சபையில் ஊழியம் செய்த இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்து விசாரித்தார். மூடநம்பிக்கை என்று திட்ட முடிந்ததே தவிர, ஒரு குற்றமும் கிடைக்கவில்லை. அந்தப் பெண்களின் பெயர்கூட கடிதத்தில் இல்லை.

கட்டிடம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நம் சபையை விட்டுப் போனவர்களைக் கூப்பிட்டு விசாரித்தால், நம்மைப் பற்றி இப்படிச் சொல்வார்களா? எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது, ஒரு நண்பரிடம் கைமாற்றாக வாங்கி இன்னும் திருப்பித் தராத பணம்.

உங்களுக்கு?